கும்பிடும்போது விடுபடும் கை

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி மதுரை தூங்காது. மூன்றுமாவடியில் எதிர்சேவை முடிந்து, புதூர், தல்லாகுளம் என்று மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வருகிற கள்ளழகர், விடிகிற நேரத்தில் தங்கக் குதிரையில் ஆழ்வார்புரம் பக்கம் வைகையில் இறங்குவார். கரையில் நிற்கிற லட்சக்கணக்கான பேருக்கும் அப்போது ஒரே கவலைதான்: என்ன கலர் பட்டு? பச்சை என்றால் அந்த வருஷம் வயலும் வீடும் செழிக்கும். குதிரையின் தலை தெரிந்ததும் ‘கோவிந்தா’ என்று ஒரு சத்தம் எழும். எல்லாக் கண்ணும் மேலே போகும். எல்லாக் கையும் தலைக்கு மேல் குவியும்.

பிள்ளைகள் தொலைவது அப்போதுதான். கும்பிட இரண்டு கை வேண்டும். அதில் ஒன்று அதுவரை ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கை. இப்போதெல்லாம் கும்பிட்ட கை இறங்கியதும் செல்போனை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போய்விடுகிறது. சாமி ஆற்றுக்குள் போய், கூட்டம் மூச்சு விட்டு, யாரோ ஒரு அத்தை கீழே பார்த்து “எங்கடி சின்னவன்?” என்று கேட்கும்போது சின்னவன் நாலு பந்தல் தள்ளிப் போயிருப்பான்.

நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பள்ளியில் சாரணியர் படை என் பொறுப்பில் இருந்தது. திருவிழாவில் தண்ணீர் கொடுக்கவும் வழி சொல்லவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவளை, ‘டீச்சருக்குக் குரல் நல்லா எடுக்குது’ என்று அறிவிப்புப் பந்தலில் மைக் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தும் அந்த நாற்காலியிலிருந்து கிடைக்கவில்லை. தொலைந்த பிள்ளைகளும் தொலைத்த பெற்றோரும் வந்து சேருகிற இடம் அது. அங்கே உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஒரு அபிப்பிராயம் ஏற்பட்டிருக்கிறது. ஊரில் எல்லோரும் சொல்வதற்கு நேர் எதிரானது.

பிள்ளை தொலைந்தால் ஊர் சொல்வது: அந்தத் தாய்க்குப் பொறுப்பு இல்லை. நான் சொல்வது: பத்துப் பேர் பார்த்துக்கொள்கிற பிள்ளைதான் தொலைகிறது.

இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று தனியாக வருகிற பெண்ணை அந்தப் பந்தலில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். விசிறியும் பீப்பியும் விற்கிற பெண்கள் பிள்ளையைப் பக்கத்தில் சாக்கில் உட்கார வைத்துக்கொண்டுதான் வியாபாரம் செய்கிறார்கள். அவர்கள் பிள்ளை தொலைவதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் வேன் பிடித்துச் சொந்தபந்தத்தோடு வந்தவர்கள். தாத்தா, அப்பத்தா, பெரியப்பா, மாமா, இரண்டு அத்தைகள், காலேஜ் படிக்கிற சித்தி. “நீ வச்சிருக்கேன்னு நெனச்சேன்” என்று ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சொல்வார். அவர் அடுத்தவரைப் பார்ப்பார். எங்கள் பந்தலில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் அதுதான். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் பார்ப்பதாக நினைத்ததால் ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டில் இது பழக்கமான ஏற்பாடுதான். கூடத்தில் பிள்ளை விளையாடும், யார் கண்ணாவது அதன் மேல் இருக்கும். வீட்டுக்குச் சுவர் இருக்கிறது. தெருவில் தெரிந்த முகங்கள் இருக்கின்றன. கோரிப்பாளையத்திலிருந்து ஏ.வி. பாலம் வரைக்கும் தோளோடு தோள் உரசுகிற கூட்டத்தில் சுவர் ஏது? ஆனாலும் கூடத்தில் விட்டது போலவே விடுகிறோம்.

சீட்டுப் பணம் கை மாறும்போது எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறோம். பிள்ளை கை மாறும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. அம்மா செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிவாள், பிள்ளை மாமா பக்கம் நகரும், மாமா பார்த்தார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். “இவன் இப்ப உங்கிட்ட” என்று சொல்ல வேண்டும். “சரி, எங்கிட்ட” என்று பதில் வர வேண்டும். பதில் வராத வரைக்கும் பிள்ளை கைமாறவில்லை என்று கணக்கு. வேனை விட்டு இறங்கும்போதே ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிட வேண்டும். அந்த ஆள் சாமி கும்பிடும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் கும்பிடட்டும். அழகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளைக்குப் பொறுப்பாகப் பத்து வயசு அக்காவைப் போடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். பந்தலுக்கு அழுதுகொண்டு வருகிற அக்காக்களைப் பார்த்தால் எனக்குத் தொலைந்த தம்பியைவிட அவர்கள் மேல்தான் மனசு போகும். அவளும் திருவிழா பார்க்க வந்த பிள்ளைதானே?

ஒரு தடவை முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள். மூன்று வயசுப் பிள்ளையின் உயரத்தில் அழகரும் இல்லை, குதிரையும் இல்லை. வேட்டி, சேலைக் கொசுவம், லுங்கி, முட்டிக்கால், துணிப் பை, இவ்வளவுதான். அம்மா என்றால் அங்கே ஒரு சேலை நிறம். சித்திரைத் திருவிழாவில் மஞ்சள் சேலை எத்தனை! மஞ்சளைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை, சேலைக்காரி திரும்பிப் பார்க்கும்போதுதான் வேறு முகத்தைப் பார்க்கிறது. அதுவரை அது தொலையவே இல்லை, தன் அம்மாவோடு நடந்துகொண்டிருந்தது.

அதனால் ‘ஓடிப்போயிட்டான்’ என்று அதன் மேல் குற்றம் சொல்வதில் பொருள் இல்லை. காணாமல்போனவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆயிரக்கணக்கான தேடல் பதிவுகளிலிருந்து தொகுத்து அமெரிக்காவின் ராபர்ட் கோஸ்டர் 2008ல் ஒரு புத்தகம் போட்டார். தேடுதல் குழுக்கள் அதைக் கையேடாக வைத்திருக்கின்றன. மூன்று வயசு வரைக்குமான பிள்ளைகளுக்குத் தொலைந்துபோவது என்றால் என்னவென்றே தெரியாது என்பது அதில் உள்ள ஒரு செய்தி. அவர்கள் இலக்கு வைத்து நடப்பதில்லை, கண்ணில் பட்டதை நோக்கிப் போவார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் பயத்தில் ஒளிந்துகொள்வதும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் இருப்பதும் உண்டு. காடுகளிலும் மலைகளிலும் கண்டது இது. நம் ஆற்றங்கரைக்கும் பொருந்துகிறது. பலூன்காரர், பஞ்சு மிட்டாய், ஜவ்வு மிட்டாயில் வாட்ச் கட்டிவிடுகிறவர், போலீஸ் குதிரை, பொருட்காட்சியின் குடை ராட்டினம் என்று பிள்ளை போகிற பாதையைப் பிள்ளையின் கண்ணால் தேடினால் கிடைத்துவிடும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் தண்ணீர். திருவிழாவுக்கு வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற ஆற்றைப் பார்த்துப் பழகிய நமக்கு அன்றைக்கு மட்டும் ஆறு ஆறாக இருப்பது மறந்துபோகிறது. தேட ஆள் இருந்தால் முதல் ஆள் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும். அடுத்த ஆள் வண்டி ஓடுகிற ரோட்டுக்கு. மிட்டாய்க் கடை மூன்றாவது.

ஒருவர் மட்டும் எங்கேயும் போகக் கூடாது. பிள்ளையைக் கடைசியாகப் பார்த்த இடத்தில் அவர் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். எட்டுப் பேர் எட்டுத் திசையில் ஓடிவிட, பிள்ளை தானாகத் திரும்பி வந்து, யாரையும் காணாமல் மறுபடி நடந்துபோன சம்பவங்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையும் தேடி, குடும்பமும் தேடி, இரண்டு தரப்பும் ஒரே மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். இன்னொன்று: கூட்டத்தின் போக்குக்கு எதிராக முட்டித் தள்ளிக்கொண்டு தேடாதீர்கள். 2022 ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்கிய வேளையில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். ஓரத்துக்கு வந்து, ஓரமாகவே போங்கள்.

பந்தலுக்கு ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால் எங்கள் விசாரணை எப்படி நடக்கும் தெரியுமா?

“உன் பேரு என்னடா தங்கம்?”

“பாப்பா.”

“அம்மா பேரு?”

“அம்மா.”

“அப்பா பேரு?”

“ஏங்க.”

சிரிக்காதீர்கள். அந்தப் பிள்ளை வீட்டில் கேட்டதைத்தான் சொல்கிறது. எல்.கே.ஜி.யில் ஆங்கிலத்தில் மாதங்களின் பெயரை ஒப்பிக்கிற பிள்ளைக்கு அம்மாவின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஒரு போன் நம்பர் தெரியாது. நாலு வயசில் பத்து இலக்கத்தைப் பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். ஒன்றாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்கும் சின்னப் பிள்ளை என்றால் முழங்கையின் உள்பக்கம் நம்பரை எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனாவில் வேண்டாம். ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி அழகர் மேல் பீய்ச்சுகிற திருவிழா இது. ராமராயர் மண்டபம் வருவதற்குள் எழுத்து கரைந்து ஓடியிருக்கும். மார்க்கர் பேனா வாங்குங்கள். சட்டைப் பையில் சீட்டு வைப்பதும் இதே காரணத்தால் வீண். பெயரை எழுத வேண்டாம், நம்பர் போதும். பெயர் தெரிந்தவன் பிள்ளையை ஏமாற்றுவான். நம்பர் தெரிந்தவன் உங்களுக்குப் போன்தான் செய்ய முடியும்.

மொட்டை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அழகருக்கு முடி இறக்குகிற குடும்பங்கள் நிறைய. பிள்ளையைக் காணோம் என்று வருகிற தாய் பதறிப்போய் போனில் போட்டோ காட்டுவாள். காலையில் எடுத்தது, நெற்றி மறைக்க முடி, அதில் ஒரு ஹேர்பேண்ட். ‘இப்ப எப்படிம்மா இருக்கும்?’ என்றால், ‘மொட்டைங்க டீச்சர், சந்தனம் பூசியிருக்கு’ என்பாள். பந்தலைச் சுற்றிப் பார்த்தால் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள்தான். ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்றுகூடத் தெரியாது. கருப்பசாமி வேஷம் கட்டிய பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், மீசை வேறு வரைந்திருப்பார்கள். மொட்டை போட்டவுடன், வேஷம் கட்டியவுடன், செருப்பு வரைக்கும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

காக்கிச் சட்டை விஷயம் இதைவிடக் கஷ்டம். திருவிழாவில் பிள்ளைக்கு உதவ ஆயிரக்கணக்கான போலீஸார் நிற்கிறார்கள். அழுகிற பிள்ளை அவர்களைப் பார்த்ததும் இன்னும் வேகமாக ஓடுகிறது. ஏன் ஓடாது? ‘சாப்பிடலைன்னா போலீஸ்கிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன்’ என்று சொல்லித்தானே தினம் மூன்று வேளையும் ஊட்டுகிறோம்? ஒரு பெண் போலீஸ், பாவம், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தன் காசில் ஐஸ் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளையைச் சாக்கடைப் பாலத்துக்கு அடியிலிருந்து வெளியே வரவைக்கப் பட்ட பாட்டை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் கேட்டார்: “நாங்க என்ன டீச்சர் பூச்சாண்டியா?” வீட்டுக்கு வீடு அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறோம். சோறு ஊட்ட வேறு மிரட்டல் கண்டுபிடியுங்கள். மிரட்டாமல் ஊட்டினாலும் நல்லதுதான்.

பெரியவர்களிடமும் ஒரு பயம் இருக்கிறது. 2018 மே மாதத்தில் வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாகப் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிட வந்து வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அதற்கப்புறம் தொலைந்த பிள்ளையின் கையைப் பிடிக்க ஆண்கள் யோசிக்கிறார்கள். வடக்கே இருந்து வந்து வேலை பார்க்கிற பையன்கள் கிட்டவே வர மாட்டார்கள். தூரத்தில் நின்று யாரையாவது கைகாட்டிக் கூப்பிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழுகிற பிள்ளையைக் கண்டால் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், அந்த இடத்திலேயே நில்லுங்கள். ‘இந்தப் பிள்ளை யாருது?’ என்று சத்தமாகக் கேளுங்கள். பக்கத்துக் கடைக்காரரை, பிள்ளையோடு வந்த ஒரு பெண்ணை அழைத்துச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 100, 112, 1098 எந்த நம்பருக்கும் போன் போகும். 1098 என்பது 1996ல் மும்பையில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய குழந்தைகளுக்கான உதவி எண். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, தொலைந்த குழந்தையைக் கண்டெடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்கோ 1098க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘பெத்தவங்க வர்ற வரைக்கும் எங்க வீட்டுல வச்சுக்கிறோம்’ என்று நல்ல மனசோடு பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொலைத்தவர்களுக்கும் ஒன்று. ‘ஒரு நாள் பார்த்துட்டு வாங்க, வந்துருவான்’ என்று எந்தக் காவல் நிலையத்திலும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. குழந்தை காணாமல்போனதாகப் புகார் வந்தால் உடனே வழக்குப் பதிவு செய்ய வேண்டும், கடத்தல் என்று எடுத்துக்கொண்டே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கைலாஷ் சத்யார்த்தி தொடங்கிய ‘பச்பன் பசாவோ ஆந்தோலன்’ தொடுத்த வழக்கு அது. ‘24 மணி நேரம் ஆகணும்’ என்பது சினிமாவில் கேட்டுக் கேட்டு நம் மனசில் ஊறிவிட்ட பேச்சு.

இனி என் மைக்குக்கு வருகிறேன். திருவிழா அறிவிப்பு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: ‘சிவப்புச் சட்டை போட்ட, நாலு வயசு, இன்ன பேர் கொண்ட சிறுவன், இன்ன ஊர், அழுதுகொண்டிருக்கிறான், பெற்றோர் வந்து கூட்டிச் செல்லவும்.’ இதைப் போல ஆபத்தான அறிவிப்பு வேறு இல்லை. பிள்ளையின் பெயர், வயசு, ஊர், உடுப்பு எல்லாவற்றையும் ஊருக்கே சொல்லிவிட்டு, ‘யார் வேண்டுமானாலும் வாருங்கள்’ என்றும் கூப்பிடுகிறோம். வருகிறவன் ‘நான்தான் மாமா’ என்று சொல்ல இதற்கு மேல் என்ன தகவல் வேண்டும்? நான் வயசையும் சட்டை நிறத்தையும் மட்டும்தான் சொல்வேன். பெயரை வைத்துக்கொள்வேன். வருகிறவரிடம், வீட்டில் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்பேன். பள்ளிக்கூடப் பெயர் ‘சாய்’ என்று ஆரம்பித்து எங்கோ போய் முடியும்; வீட்டில் அது ‘புஜ்ஜி’, ‘கட்டையன்’, ‘மூக்காயி’. அதை வெளி ஆள் சொல்ல முடியாது. போனில் இருக்கிற போட்டோக்களைக் காட்டச் சொல்வேன். பிள்ளையின் முகத்தையும் பார்ப்பேன், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டேன். பெற்ற அப்பனைப் பார்த்தே மிரண்டு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகள் உண்டு. கையெழுத்து வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் போலீஸ்காரர் முன்னால்தான் பிள்ளையைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் இது நடப்பதில்லை.

அறிவிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் காதில் விழ வேண்டுமே! ஒரு பந்தலில் பக்திப் பாட்டு, அடுத்ததில் கட்சிப் பாட்டு, அதற்கடுத்ததில் ‘வாங்க வாங்க மோர் குடிங்க’. எங்கள் குழாய் ஸ்பீக்கர் பாவம் நடுவில் கிடந்து கத்துகிறது. நீர்மோர்ப் பந்தலுக்கும் அன்னதானத்துக்கும் அனுமதி கொடுக்கும்போதே, கட்டுப்பாட்டு அறையிலிருந்து பிள்ளை காணோம் என்று தகவல் வந்தால் ஐந்து நிமிஷம் பாட்டை நிறுத்தி அந்த அறிவிப்பைத் தங்கள் மைக்கில் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டால் என்ன? ஒரு ரூபாய் செலவில்லை. ஒரு வாட்ஸ்அப் குரூப் போதும். வதந்தி பரப்பிய அதே வாட்ஸ்அப்தான்.

தொலைந்தவர்களைச் சேர்த்துவைக்கிற வேலையை ஒழுங்காகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அலகாபாத்தில் ராஜா ராம் திவாரி என்பவர் 1946ல் கங்கைக் கரை மேளாவில் தகர ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு, வழி தவறியவர்களுக்காகக் கூவ ஆரம்பித்தார். அது ஒரு நிலையான முகாமாக வளர்ந்தது. 2016ல் இறந்துபோகும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை. கும்பமேளாவில் இன்றைக்குக் கம்ப்யூட்டர் வைத்து நடத்துகிற காணாமல்போனோர் மையங்களுக்கெல்லாம் முன்னோடி அந்தத் தகரக் குழாய்தான். சபரிமலைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பம்பையில் கேரள போலீஸ் கையில் அடையாளப் பட்டை கட்டி அனுப்புகிறது. திருவண்ணாமலை தீபத்துக்கும் பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பட்டை கட்டுகிற இடம் கூட்டத்துக்கு நடுவில் இருந்தால் யார் போய் வரிசையில் நிற்பார்கள்? வெளியூர் வேன்கள் நிற்கிற இடத்தில், பஸ் ஸ்டாண்டில், ரயில் நிலைய வாசலில் கட்ட வேண்டும். இறங்கினவுடன் கை நீட்டினால் முடிந்தது.

எங்கள் ஊரைப் போலவே பல ஊர்களிலும் தொலைந்த பிள்ளைகளை உட்கார வைக்கிற இடம் ஒயர்லெஸ் கரகரக்கிற கட்டுப்பாட்டு அறையின் மூலைதான். அடிதடியில் பிடிபட்டவர்களும் பிக்பாக்கெட்டும் அதே பெஞ்சில். பிள்ளைக்குத் தனியாக ஒரு பாய், குடிக்கத் தண்ணீர், காக்கி போடாத இரண்டு பெண்கள், ஒரு கழிப்பறை வேண்டும். உயரத்தில், ராத்திரியிலும் தெரிகிற மாதிரி, படிக்கத் தெரியாத பாட்டியும் அடையாளம் சொல்லக்கூடிய ஒரு பலூன் உருவம். ‘யானை பலூனுக்குக் கீழே வாங்க’ என்று மைக்கில் சொன்னால் மேலூர்க்காரரும் வருவார், மலேசியாவிலிருந்து வந்தவரும் வருவார்.

கடைசியாக அந்த அறை. பிள்ளை கிடைத்ததும் பிள்ளைக்கு விழுகிற முதல் அறையைத்தான் சொல்கிறேன். பயந்த பயம் கோபமாகிக் கைக்கு வருகிறது, எனக்கும் புரிகிறது. ஆனால் அடி வாங்கிய பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: கண்டுபிடிக்கப்பட்டால் அடி விழும். அடுத்த தடவை அது ஒளிந்துகொள்ளும். இரண்டாவது அறை தாய்க்கு. புருஷன் கையால் விழும், அல்லது மாமியார் வாயால். சுற்றி நிற்கிற கூட்டம் ‘பெத்தா மட்டும் போதுமா?’ என்று எடுத்துக்கொடுக்கும். இவ்வளவு பேர் கூட வந்தும் எல்லா விரலும் ஒருத்தியைப் பார்த்தே நீளுவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். அப்போதுதான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பேன்: “நீங்க எத்தன பேரு வந்தீங்க?” பெரும்பாலும் மாமியார் வாயை மூடிக்கொள்வார். மைக் ஆன் ஆகி இருந்தால் இன்னும் சீக்கிரம்.

‘பிள்ளைகளை ஏன் கூட்டத்துக்குக் கூட்டி வரணும், டி.வி.யில பாத்தா ஆகாதா?’ என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றிக் காட்டுகிற கூட்டத்தில், விடிய விடிய நடக்கிற தசாவதாரத்தில், அப்பா தோளில் உட்கார்ந்து தூங்கி வழிந்த ராத்திரிகள்தான் இந்த ஊரில் பிறந்தவர்களின் சொத்து. பிள்ளைகள் வரட்டும். பூப்பல்லக்கு வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு முன்னால் அதிகாரிகள் உட்கார்ந்து ஆலோசனைக் கூட்டம் நடத்துகிறார்கள். தடுப்புக் கட்டை, தண்ணீர் லாரி, நடமாடும் கழிப்பறை, ஆம்புலன்ஸ் எல்லாம் பேசுகிறார்கள். பாட்டை நிறுத்துகிற நிபந்தனையும், வேன் நிற்கிற இடத்தில் கைப்பட்டையும், யானை பலூனும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும். கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைதோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது, மனு எழுதியாகிவிட்டது.